கேளுங்க வாத்தியாரே: ஒரே பலகையில் எழுத்தும் படமும்

போன இதழில் ரவிவர்மா படங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "இன்றைக்குப் பிள்ளைகள் போனில் படிக்கும் ஜப்பான் படக்கதையான மங்காகூட மரக்கட்டை அச்சிலிருந்து கிளம்பியதுதான்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்தேன். ரவிவர்மாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இந்த மாதத் தபால் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான். ஓவிய வாத்தியார் ஆவதற்கு முன்னால் காரைக்குடியில் அச்சகங்களுக்குக் கட்டை பிளாக் செதுக்கிக் கொடுத்தவன் நான். மரத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன்.

கே: நான் மங்கா விரும்பிப் படிப்பவள். கட்டையில் பிள்ளையார் படம் அடிக்கலாம், பூக்கரை அடிக்கலாம். பக்கம் பக்கமாக வசனத்தோடு ஒரு கதையை எப்படி ஐயா அடித்திருப்பார்கள்? நம்பவே முடியவில்லை.
– கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்

ப: கட்டையில் அடித்ததால்தான் முடிந்தது, அம்மா. லெட்டர்பிரஸ் பார்த்த உங்கள் ஐயாவைக் கேளுங்கள். கம்பாசிட்டர் ஈய எழுத்தை வரிவரியாகக் கோப்பார். படத்துக்குத் தனியாக ஒரு பிளாக் வரும். இரண்டையும் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இறுக்குவார்கள். எழுத்து அதன் இடத்தில், படம் அதன் இடத்தில். படத்திலுள்ள ஆளின் வாயருகே நாலு வார்த்தையை வளைத்து வையுங்கள் என்று சொன்னால் கம்பாசிட்டர் அடிக்க வருவார். மரப்பலகையில் அந்த வம்பே இல்லை. ஆளின் மூக்கைச் செதுக்குகிற அதே கத்தி, அவன் பேசுகிற பேச்சையும் பக்கத்திலேயே செதுக்கிவிடும்.

ஜப்பான்காரர்களுக்குக் கோக்கும் எழுத்து தெரியாமல் இல்லை. 1590களில் கொரியா வழியாகவும், ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாகவும் அது வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டு பழகிப் பார்த்தார்கள். அவர்களுடைய கையெழுத்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுவது. பக்கத்துக்குப் பக்கம் படம் வேறு வேண்டும். பழையபடி பலகைக்கே திரும்பிவிட்டார்கள். மங்காவின் தொடக்கம் எது என்று என்னைக் கேட்டால், யாரோ ஒரு பெரிய ஓவியர் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தத் திரும்பலைத்தான் சொல்வேன்.

எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, 18ஆம் நூற்றாண்டில் பத்து லட்சத்தை ஒட்டி ஜனம் இருந்த ஊர். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்பு அட்டை போட்ட படப்புத்தகங்கள் விற்றன. பிறகு கறுப்பு அட்டை, பச்சை அட்டை. பத்துப் பக்கம் ஒரு புத்தகம். இரண்டு மூன்று சேர்ந்தால் ஒரு கதை. 1775இல் கொய்கவா ஹருமாச்சி என்ற சாமுராய், தானே எழுதித் தானே வரைந்து, பெரியவர்கள் படித்துச் சிரிக்கிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்து மஞ்சள் அட்டைக் காலம்.

கதை இதுதான். கின்பெய் என்று ஒரு கிராமத்து இளைஞன். பிழைப்புத் தேடி எடோவுக்குக் கிளம்புகிறான். வழியில் ஒரு கடையில் தினை மாவுப் பலகாரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன், அது வேகிற நேரத்துக்குள் தூங்கிப்போகிறான். கனவில் ஒரு பெரிய பணக்காரர் பல்லக்கு அனுப்பி அவனைக் கூட்டிப்போய், நம்மூர்ப் பேச்சில் சொன்னால், பிள்ளை கூட்டிக்கொள்கிறார், அதாவது தத்தெடுக்கிறார். கையில் காசு வந்ததும் ஆட்டம் பாட்டம். கூட இருந்தவர்களே சுரண்டித் தின்கிறார்கள். கடைசியில் உடம்பிலிருக்கிற பட்டுத்துணியைக்கூட உருவிக்கொண்டு வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். விழித்துப் பார்த்தால் பலகாரம் வெந்து இறங்குகிறது. எழுந்து ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறான். கடல் கடந்து வியாபாரத்துக்கு, கொண்டுவிக்க, போனவர்களும் போய்த் தொலைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிற நம் குடும்பங்களில் இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது அவன் தூங்குகிற பக்கம். சாய்ந்து கிடக்கிறவனிடமிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, விரிந்து, ஒரு பெரிய மேகமாகிறது. அந்த மேகத்துக்குள் பல்லக்கோடு ஆட்கள் வருகிறார்கள். இன்றைக்கு நீங்கள் படிக்கும் மங்காவில் ஒருத்தி எதையாவது நினைத்தால் தலைக்கு மேல் என்ன வருகிறது? 1775, அம்மா!

கே: நாலு கலர் ஆஃப்செட்டில் ரிஜிஸ்டர், அதாவது நிறத்தின் மேல் நிறம் உட்காரும் பொருத்தம், ஒரு நூல் விலகினாலே கஸ்டமர் தாளைத் தூக்கி எறிகிறார். மெஷினே இல்லாமல் பத்துக் கலரை எப்படிச் சரியாக உட்கார வைத்தார்கள்?
– அச்சகத் தொழிலாளி, காரைக்குடி

ப: தம்பி, இந்த வேலையின் அருமை உங்களுக்குத்தான் தெரியும். முதலில், மஞ்சள் அட்டைக் கதைகளின் உள்பக்கம் வெறும் கறுப்பு மை. நீங்கள் கேட்கிற கலர் வேலை தனித்தாள் படங்களுக்கானது. ஆனால் வரைந்தவர்களும் அவர்களே, விற்றவர்களும் அவர்களே.

வரைபவர் மெல்லிய தாளில் கறுப்புக் கோட்டில் மட்டும் படம் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைக் குப்புறக் கவிழ்த்து, மலைச் செர்ரி மரப் பலகையில் ஒட்டுவார். தாளின் முதுகை விரலால் தேய்த்துத் தேய்த்து உரித்தால் கோடு பளிச்சென்று தெரியும். கோட்டின் இரண்டு ஓரமும் கத்தி ஓடும். மற்ற இடத்தை உளி தின்னும். வரைந்த தாள் அதோடு சரி, மூலப் படம் என்று எதுவும் மிஞ்சாது. ஒரு பட்டறையில் புடவை மடிப்பையும் சுவரையும் செதுக்குவது சின்னப் பையன்கள். முகமும் தலைமுடியும் வந்தால் தலைமை ஆசாரி உட்காருவார். நெற்றியோரம் முடி முளைக்கிற இடத்தைப் பாருங்கள், மரத்தில் அவ்வளவு மெல்லிய கோடு நிற்குமா என்று சந்தேகம் வரும். நிற்கிறது.

இப்போது ரிஜிஸ்டர். கறுப்புப் பலகையைச் செதுக்கும்போதே படத்துக்கு வெளியே இரண்டு வெட்டு விடுவார்கள். ஒன்று 'ட' மாதிரி மூலை வெட்டு. அதே ஓரத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு நேர் வெட்டு. கறுப்பில் சில தாள் அடித்து வரைந்தவரிடம் போகும். எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று தாளுக்கு ஒரு நிறமாகக் குறித்துக் கொடுப்பார். அந்தத் தாள்களை அப்படியே மற்றப் பலகைகளில் ஒட்டிச் செதுக்குவார்கள். தாளில் அந்த இரண்டு வெட்டின் தடமும் விழுந்திருக்கிறதல்லவா, அதுவும் சேர்ந்து எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் வந்துவிடும். அச்சடிப்பவருடைய வேலை, பாயை மூலைச் சுவரோடு சேர்த்து விரிக்கிற மாதிரி, தாளின் மூலையை 'ட'வுக்குள் தள்ளி, ஓரத்தை நேர் வெட்டில் நிறுத்துவது மட்டுமே. 'கென்டோ' என்பார்கள்.

மெஷின் இல்லை என்றீர்களே, அழுத்துவதற்குக்கூட ஒன்றுமில்லை. மூங்கில் பாளையால் மூடிய ஒரு வட்டத் தட்டு. அதைக் கையில் பிடித்துத் தாளின் முதுகில் தேய்ப்பதுதான். நிறத்தோடு கொஞ்சம் அரிசிக் கஞ்சிப் பசை சேரும். தாள் ஈரமாக இருக்க வேண்டும், அந்த ஈரம் கடைசி நிறம் வரைக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். காய்ந்தால் தாள் சுருங்கும், சுருங்கினால் உங்கள் கஸ்டமர் எறிகிற கதைதான். முழு வண்ணம் முதலில் வந்தது 1765இல். பணக்காரக் கவிராயர் கூட்டம் ஒன்று புத்தாண்டுக்குப் படக் காலண்டர் அடித்துப் பரிமாறிக்கொள்ள ஆசைப்பட்டது. சுசுகி ஹருநொபு என்ற ஓவியர் வரைந்தார். காலண்டர் என்றதும் சிவகாசி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

கே: மங்காவைக் கண்டுபிடித்தவர் ஓவியர் ஹொகுசாய் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. நீங்கள் அவர் பெயரையே எடுக்கவில்லையே?
– தேவகோட்டை வாசகர்

ப: வருகிறேன். ஹொகுசாய் (1760–1849) மேல் எனக்குப் பக்தியே உண்டு. பேரலைக்கு அடியில் படகுகள் தத்தளிக்கிற படம் என் வகுப்பறையில் தொங்கியது. ஆனால் 'கண்டுபிடித்தார்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

1812இல் நகோயா ஊரில் ஒரு சீடர் வீட்டில் தங்கியபோது முந்நூறுக்கு மேல் சின்னச் சின்னப் படங்கள் போட்டார். அவற்றிலிருந்து 1814இல், அதே ஊர்ப் பதிப்பாளர் எய்ராகுயா தோஷிரோ 'ஹொகுசாய் மங்கா' முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். படம் பழகுகிறவர்களுக்கு மாதிரிப் புத்தகம் அது. விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. தொகுதி மேல் தொகுதியாக மொத்தம் பதினைந்து. கடைசித் தொகுதி வந்த 1878இல் அவர் செத்து இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. கறுப்பு, சாம்பல், லேசான சதை நிறம், இவ்வளவுதான் மை. உள்ளே என்ன இல்லை! மீன், பூச்சி, மழையில் ஓடுகிறவர், மல்யுத்தக்காரர், பேய், பாலம், துப்பாக்கி, குளிக்கிற குண்டர்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் நாலாயிரம் உருவங்கள். கதை மட்டும் கிடையாது.

எனக்குப் பிடித்த பக்கம் பன்னிரண்டாம் தொகுதியில் இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் கக்கூசில் குந்தியிருக்கிறார். அவருடைய சாமுராய் ஆட்கள் வெளியே காவல் நிற்கிறார்கள். விட்டுப் போக முடியாது, நிற்கவும் முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். நாலைந்து கோட்டில் நாற்றத்தையே வரைந்துவிட்டார் மனுஷர். மூன்றாம் தொகுதியில், வைக்கோல் தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாகக் குருவி ஆட்டம் ஆடுகிறார்கள். ஒரே ஆள் கை மாற்றி, கால் மாற்றி நகர்வது போலவே கண் ஓடும். இந்த உடம்பு மொழியை அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் படித்தார்கள். அந்தக் கடன் பெரிய கடன், மறுக்கவில்லை.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. ஹொகுசாய் சிறுவயதில் கட்டை செதுக்கிப் பழகியவர். பிற்காலத்தில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், எகவா தொமேகிச்சி என்ற செதுக்குநரிடமே வேலையைக் கொடுங்கள் என்று கேட்கிறார். நான் போடாத கீழிமையை மற்றச் செதுக்குநர்கள் தாங்களாகச் சேர்க்கிறார்கள், என் மூக்கை உதாகவா ஓவியப் பள்ளிக்காரர்கள் மூக்காக மாற்றிவிடுகிறார்கள் என்று சொல்லி, எப்படி இருக்க வேண்டும் என்று மூக்கை வரைந்தே காட்டியிருக்கிறார். பிளாக் செதுக்குகிறவனாக நான் இந்தக் கடிதத்தை அவர் படங்களுக்குச் சமமாக வைப்பேன். அச்சில் நாம் பார்க்கும் கோடு வரைந்தவர் கோடு மட்டும் இல்லை, செதுக்கியவர் கோடும்தான் என்று அவருக்குத் தெரியும்.

சின்னப் பிராயத்தில் வேறு பெயரில் அவரும் மஞ்சள் அட்டைக் கதைகளுக்குப் படம் போட்டிருக்கிறார். பெரிய பெயர் வந்ததும் உலகம் அதை மறந்துவிட்டது.

கே: தவளையும் முயலும் மல்யுத்தம் செய்யும் 12ஆம் நூற்றாண்டு ஓவியச் சுருள்தான் உலகின் முதல் மங்காவாமே?
– பள்ளி மாணவர், புதுவயல்

ப: கியோட்டோவில் கோசான்-ஜி கோவிலுக்குச் சொந்தமான சுருள்கள். தவளை முயலைத் தூக்கிக் குப்புறப் போடுகிறது. போட்ட வேகத்தில் வாயிலிருந்து காற்றுக் கோடு பறக்கிறது. இன்னோர் இடத்தில் தவளை புத்தர் மாதிரி உட்கார்ந்திருக்க, குரங்குச் சாமியார் மந்திரம் ஓதுகிறார். வலமிருந்து இடமாக விரித்துக்கொண்டே போனால் கதை நகரும். எல்லாம் சரிதான் தம்பி. ஆனால் அது கையால் தீட்டியது, ஒரே ஒரு பிரதி. கோவிலுக்குள் இருந்ததைக் கடைத்தெரு ஜனம் எங்கே பார்த்தது? தோபா சோஜோ என்ற துறவி வரைந்தார் என்பதும் வழிவழியாகச் சொல்வது, உறுதியில்லை. அவர் பெயரை வைத்து 'தோபா படம்' என்று 18ஆம் நூற்றாண்டில் ஒசாகாவில் குச்சிக் கை, குச்சிக் கால் சிரிப்புப் படப் புத்தகங்களைக் கட்டையில் அடித்து விற்றார்களே, அங்கேதான் அந்தச் சிரிப்பு தெருவுக்கு இறங்கியது.

கே: எங்கள் பூர்வீக வீட்டில் வளவுச் சுவரில் பூப்போட்ட ஜப்பான் டைல்ஸ் பதித்திருக்கிறது. அதுவும் இந்தக் கட்டை அச்சு வகையா? ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார்.
– சிங்கப்பூர் வாசகி, சொந்த ஊர் பள்ளத்தூர்

ப: இல்லை ஆச்சி. அது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தொழிற்சாலைச் சரக்கு. களிமண்ணை அச்சில் அழுத்தி, மெருகு பூசிச் சுட்டது. பர்மாத் தேக்கு வந்த கப்பல் காலத்தில் அதுவும் வந்து இறங்கியது. கட்டை அச்சுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கேட்கிறவரிடம் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். திரும்ப வரமாட்டார்.

கே: எங்கள் ஐயா 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். வீட்டில் 'ஜப்பான்' என்றாலே அப்பத்தாவுக்கு ஆகாது. பேரன் சுவரெல்லாம் அந்த நாட்டுப் படமாக ஒட்டுகிறான். இந்தப் படக்காரர்கள் அவர்கள் அரசாங்கத்துக்கு ஜால்ரா போட்டவர்கள்தானே?
– பொன்னமராவதி வாசகர்

ப: உங்கள் ஐயா பட்ட பாட்டை நான் லேசாகப் பேச மாட்டேன். அந்த நடையில் வந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். ஆனால் நாம் பேசுகிற படக்காரர்கள் அதற்கு நூறு, நூற்றைம்பது வருஷம் முந்தியவர்கள். ஜால்ரா போட்டிருந்தால் அவர்கள் கையில் விலங்கு விழுந்திருக்காது.

கின்பெய் கதை எழுதிய ஹருமாச்சி, 1789இல் அப்போதைய முதலமைச்சர் மட்சுதைரா சதனோபுவின் சீர்திருத்தங்களைக் கிண்டல் செய்து ஒரு மஞ்சள் அட்டை போட்டார். விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷமே இறந்துபோனார். தற்கொலை என்று ஊர் பேசியது. 1791இல் எழுத்தாளர் சான்டோ கியோடெனுக்கு ஐம்பது நாள் கைவிலங்கு. அவருடைய பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோவின் சொத்தில் பாதி பறிமுதல். அழகிகளை வரைந்து பெயர் வாங்கிய உதாமரோவுக்கு 1804இல் அதே ஐம்பது நாள். விற்கிற படத்தில் தணிக்கை முத்திரை இருக்க வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

1842இல் நாடக நடிகர் படம், அழகிகள் படம் இரண்டுக்கும் தடை போட்டார்கள். படக்கடைக்கு அவைதானே சோறு? உதாகவா குனியோஷி மறு வருஷமே ஒரு படம் போட்டார். ஒரு பழங்காலத் தளபதி காய்ச்சலில் படுத்திருக்கிறார். பின்னால் ராட்சசச் சிலந்தி. அதற்கும் பின்னால் இருட்டில் ஒரு பேய்ப் பட்டாளம். பழைய புராணம்தானே என்று விற்றார்கள். வாங்கின ஜனமோ, படுத்திருப்பவர் நாட்டை ஆளும் ஷோகுன், பேய்கள் எல்லாம் வரியிலும் தடையிலும் வதைபட்ட நாம் என்று படித்துக்கொண்டது. பதிப்பாளர் பயந்துபோய்ப் படத்தைத் திரும்ப வாங்கிப் பலகையையும் அழித்தார். குனியோஷி அடங்கினாரா? சில வருஷம் கழித்து ஒரு கிட்டங்கிச் சுவரை வரைந்தார். அதில் யாரோ ஆணியால் கிறுக்கின மாதிரி கோணல்மாணலாக முகங்கள். நடுவில் தலையில் துண்டு கட்டிய இரட்டை வால் பூனை ஆடுகிறது. 'நான் நடிகர் படம் போடவில்லை ஐயா, சுவர்க் கிறுக்கலைத்தான் போட்டேன்.' ஆனால் ஒவ்வொரு கிறுக்கலும் எந்த நடிகர் என்று பார்த்ததும் தெரியும்! மரத்தில் கத்தியால் வெட்டி, ஆணிக் கிறுக்கல் போல நடுங்கவிட்டிருக்கிறார்களே, அந்தச் செதுக்குநருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்பத்தாவிடம் இந்தப் பூனைப் படத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

கே: என் மகன் ராத்திரி பகல் பார்க்காமல் மங்கா படிக்கிறான். எப்படி நிறுத்துவது?
– கவலையுள்ள தாய், கோனாபட்டு

ப: படிக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடோவில் 1808இல் வாடகைப் புத்தகக் கடை மட்டும் 656 இருந்தது. முதுகில் கட்டுச் சுமந்து வீடு வீடாக வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஊர்த் தாய்மாரும் உங்களை மாதிரித்தான் கேட்டிருப்பார்கள். ராத்திரிப் போனை மட்டும் வாங்கி வையுங்கள், கண் கெட்டுவிடும்.

கே: தமிழில் கட்டை அச்சுப் படத்தோடு கதைப் புத்தகமே வரவில்லையா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோட்டையூர்

ப: ஏன் இல்லை ஐயா? பெரிய எழுத்துப் புத்தகங்களை மறந்துவிட்டீர்களா? நல்லதங்காள், விக்கிரமாதித்தன், அல்லி அரசாணி. சந்தையிலும் திருவிழாவிலும் தரையில் பரப்பி விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளை விளக்குக்கு அடியில் இப்போதும் எப்போதாவது ஒன்று அகப்படும். உள்ளே நாலைந்து இடத்தில் கட்டைப் படம். தடித்த கோடு, பெரிய கண், பக்கவாட்டில் திரும்பின பாதம். எனக்கு அந்தக் கோட்டின் மேல் கொள்ளைப் பிரியம்.

ஆனால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எழுத்து ஈயம், படம் மரம். முதல் பதிலில் சொன்ன அதே இரும்புச் சட்டம். நல்லதங்காள் கிணற்றடியில் நிற்பாள். அவள் புலம்புவது மூன்று பக்கம் தள்ளி இருக்கும். ஒரே ராஜா பிளாக்கை வேறு வேறு ராஜாவுக்குப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பிளாக் செய்யக் காசு ஆகும், ராஜாவுக்கு ராஜா என்ன வித்தியாசம் என்று அச்சகக்காரர் நினைத்திருப்பார்! நம் செதுக்குநர்களுக்குக் கை குறைவில்லை. வாசல் நிலையில் கஜலட்சுமியைத் தும்பிக்கை நுனி வரைக்கும் செதுக்கிய ஊர் இது. நமக்கு அச்சு வந்து சேர்ந்ததே உலோக எழுத்தோடுதான். அதனால் வார்த்தை படத்துக்குள் நுழைய வழியில்லாமல் போயிற்று. இது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கே: அப்படியானால் கட்டை அச்சு எப்போது முடிந்தது, இன்றைய மங்கா எப்போது தொடங்கியது? ஒரு கோடு போட்டுச் சொல்ல முடியுமா?
– கண்டனூர் வாசகர்

ப: நேர்கோடு போட முடியாது, போட்டுக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். 1862இல் சார்லஸ் விர்க்மன் என்ற ஆங்கிலேயர் யோகோஹாமாவில் 'ஜப்பான் பஞ்ச்' என்று கேலிப்பத்திரிகை தொடங்கினார். லண்டனில் வந்த 'பஞ்ச்' கேலிப்பத்திரிகையின் பாணி. அதைப் பார்த்து 1874இல் கவானபே கியோசாய் ஒரு ஜப்பானியக் கேலிப்பத்திரிகையில் வரைந்தார். இந்தக் கியோசாய் சிறுவனாக இருந்தபோது நம் பூனைக்கார குனியோஷியிடம் பாடம் கேட்டவர். 1870இல் கேலிப்படத்துக்காகச் சிறைக்கும் போனவர். பழைய கையில் புதிய பத்திரிகை வந்து சேர்ந்த இடம் என்று அவரைக் காட்டலாம். பிறகு கிதாசாவா ராகுடென் என்ற ஓவியர் வந்தார். 1902இல் செய்தித்தாளோடு வந்த படப்பகுதியும், 1905இல் 'டோக்கியோ பக்' பத்திரிகையும் அவருடையவை. இவருக்கு முன்மாதிரி அமெரிக்க, ஐரோப்பியப் பத்திரிகைகள்தான். கட்டம் கட்டமாகப் பிரிப்பது அங்கிருந்து வந்தது. 1947இல் தெசுகா ஒசாமுவின் 'புதிய புதையல் தீவு' என்ற மங்கா வந்தபோது அதில் சினிமாவும் சேர்ந்துகொண்டது.

அதற்கு நடுவில் கல்லச்சும் ஈயமும் போட்டோவும் வந்து, செதுக்குகிறவர்களும் தேய்க்கிறவர்களும் வேலை இழந்தார்கள். மரத்திலிருந்து மிஞ்சியது என்ன என்று கேட்டால், கறுப்புக் கோட்டை நம்பி நிற்கிற படம், படத்துக்குள் வந்து உட்காருகிற பேச்சு, கையில் சில்லறை வைத்திருப்பவன் வாங்குகிற விலை. இந்த மூன்றையும் மஞ்சள் அட்டைக்காரர்கள் பழக்கிவிட்டார்கள். கட்டமும் சினிமாவும் வெளிச் சரக்கு.

கே: எனக்கும் செதுக்கிப் பார்க்க ஆசை. வீட்டில் பழைய பர்மாத் தேக்குச் சட்டம் ஒன்று கிடக்கிறது. எடுத்துக்கொள்ளட்டுமா?
– ப்ளஸ் டூ மாணவர், ராயவரம்

ப: வேண்டாம்! முதலில் உங்கள் ஆயா விடமாட்டார். இரண்டாவது, தேக்கு இந்த வேலைக்கு ஆகாது. நிலை, கதவு, தூண் எல்லாவற்றுக்கும் ராஜா. ஆனால் அதன் நார் திறந்த நார். மெல்லிய கோடு விட்டால் பொரிந்து விழும். செர்ரி மாதிரி நெருக்கமாக, ஒரே சீராக இருக்கிற மரம் வேண்டும். இங்கே கிடைப்பதில் வெப்பாலை நல்லது. பொம்மை கடைகிறவர்களைக் கேட்டால் துண்டு கொடுப்பார்கள். நன்றாகக் காய்ந்ததா பாருங்கள். நெடுக்கு வாட்டப் பலகை, நார் உங்கள் கைக்குக் குறுக்கே ஓடாமல் வையுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஓவியக் கடையில் லினோலியம் தாள் வாங்கிப் பழகலாம், அவமானம் ஒன்றுமில்லை.

கூரான கத்தி ஒன்று, 'வி' உளி ஒன்று, அரைவட்ட உளி ஒன்று. கத்தியை உங்களை நோக்கி இழுக்கும்போது மற்றக் கையைக் கத்திக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் அல்ல. முதல் படம் உள்ளங்கை அளவு போதும், ஒரே நிறம் போதும். வாட்டர் கலரில் வடித்த கஞ்சி கொஞ்சம் கலந்து தூரிகையால் பூசுங்கள். தாளை ஈரத்துணிக்குள் ராத்திரி முழுக்க வைத்தெடுங்கள். தேய்க்க மூங்கில் தட்டுக்கு எங்கே போவது, சில்வர் கரண்டியின் முதுகு போதும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் தாளை அசைக்காமல் மறுபடி தேய்க்கலாம்.

அடித்ததில் ஒன்றை ஆசிரியர் குழு முகவரிக்கு அனுப்புங்கள், போடுகிறோம். பெயரைத் தாளில் எழுதிக் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குங்கள். நேராகச் செதுக்கி அனுப்பினால் கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.